ஐடெல்லா கேட்ட கறுப்பு

யசிந்தாவுக்குக் கறுப்பு ஆகாது. டென்மார்க்குக்கு வந்து முப்பது வருடம் தாண்டியும் அந்த ஒரு விஷயத்தில் அவள் அசையவில்லை. ஹேர்னிங்கில் அவள் வேலை பார்க்கும் தையல் கடைக்கு வருகிற வெள்ளைக்காரரில் பாதிப் பேர் கறுப்பில்தான் வருவார்கள். கறுப்புக் கோட்டு, கறுப்புக் காற்சட்டை, கலியாணத்துக்குப் போகவும் கறுப்பு. அதையெல்லாம் அவள் சுருக்குவாள், பிரிப்பாள், ஓரம் அடிப்பாள். அது தொழில். தன் வீட்டில், தன்னுடைய ஆட்களுக்கென்று வரும்போது மட்டும் கறுப்புத் துணியில் கத்தரிக்கோல் வைக்க மாட்டாள். செத்த வீட்டுக்கென்று ஒரே ஒரு கறுப்புச் சேலை அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தது.

அவளுடைய தாய் மன்னாரில் அப்படித்தான் வளர்த்திருந்தாள். நல்ல காரியத்துக்குக் கறுப்பு உடுத்தக்கூடாது. நோயில் கிடக்கிற வருத்தக்காரரைப் பார்க்கப் போகும்போது உடுத்தவே கூடாது. வருத்தக்காரருக்குக் கறுப்பில் ஒரு கைக்குட்டைகூடக் கொடுக்கக்கூடாது, அது சாவுக்கு வெற்றிலை வைத்து அழைப்பதற்குச் சமம். பூசை தவறாத கத்தோலிக்கக் குடும்பம்தான், சுவாமியார் இதையெல்லாம் வீண்பயம் என்று பிரசங்கத்தில் சொல்லியும் இருக்கிறார். பிரசங்கத்துக்கு ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அதே பயத்தைத் தொடர்வதில் எங்கள் சனத்தை அடிக்க ஆள் இல்லை.

இதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. யசிந்தா நல்ல கறுப்பு. சின்ன வயதில் வீட்டில் அவளைக் கூப்பிடுவதே கறுப்பி என்றுதான். பயத்தம் மாவைப் போட்டு முதுகு சிவக்கத் தேய்த்துப் பார்த்தார்கள், தோல் எரிந்ததுதான் மிச்சம். பிறகு மகள் றொஷானி அதே நிறத்தில் பிறந்தபோது யசிந்தா ரோசாவிலும் இளநீலத்திலும் சட்டைகளாகத் தைத்துத் தள்ளினாள். "வெளிர் நிறம் போட்டால்தான் பிள்ளை எடுபடும்" என்றாள். தன்னைச் சொன்னவர்களை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவர்கள் சொன்னதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

இப்படிப்பட்ட யசிந்தாவிடம்தான் ஐடெல்லா வந்து கறுப்புக் கேட்டாள்.

ஐடெல்லா நியூயோர்க்கில் பிறந்த கறுப்பின அமெரிக்கப் பெண். யென்ஸ் என்ற டேனிஷ்காரரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, இளவயதிலேயே ஹேர்னிங்குக்கு வந்தவள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்று, எழுபதைத் தாண்டியிருந்தாள். ஒருநாள் கோட்டை இழுத்துப் பூட்டுகிற சிப்பு அறுந்துபோனதென்று கடைக்கு வந்தவள், யசிந்தா ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்து, "என்ரை அம்மாவும் இப்பிடித்தான், விழுங்கிப்போடாதை" என்றாள். அன்று தொடங்கிய சிநேகம். வியாழக்கிழமை பின்னேரங்களில் ஐடெல்லா கேக்கோடு வருவாள், யசிந்தா தேத்தண்ணி போடுவாள். இரண்டு பேரும் கதைத்தது டேனிஷில், அதுவும் இரண்டு விதமாக உடைந்த டேனிஷில். ஆனால் யசிந்தாவின் காதில் அது எப்போதும் தமிழாகவே விழுந்ததால் இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அவளை யசிந்தா அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அர்த்தம் தெரிந்த பிறகு ஐடெல்லா வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள்.

ஐடெல்லாவுக்கு ஒரு கதை உண்டு. அதை வருடக்கணக்காக யாரும் கேட்கவில்லை. யசிந்தா கேட்டாள்.

நூறு வருடத்துக்கு முந்தி, அமெரிக்காவின் தெற்கே பருத்திக் காட்டிலும் தூக்குக் கயிற்றுக்குப் பயந்தும் கிடந்த கறுப்புச் சனம், இரும்புப் பெட்டியோடு ரயிலேறி வடக்கே வந்தது. நியூயோர்க்கில் ஹார்லெம் என்ற பகுதியில் ஒரு அறைக்குள் இரண்டு குடும்பமாக நெருங்கி இருந்தது. அங்கேதான் திடீரென்று எல்லோருக்கும் வாய் திறந்தது. பகலில் மாடிப்படி துடைத்தவன் பின்னேரம் பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்து ஊரையே எழுப்பினான். சமையற்காரி நாடகம் எழுதினாள். தபால் பிரிக்கிறவன் படம் வரைந்தான். பத்திரிகை அச்சடித்தார்கள், ஆடினார்கள், எக்காளம் ஊதினார்கள், நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடிக் கவிதை வாசித்தார்கள். அதுவரை வசைச் சொல்லாக இருந்த தங்கள் நிறத்தைத் தாங்களே கையில் எடுத்து, பார், எவ்வளவு வடிவு என்று உலகத்துக்குக் காட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் ஐடெல்லாவின் பெரியம்மா லூலாவும் ஒருத்தி. சலவைக்கூடத்தில் மற்றவர்களின் வெள்ளைச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கவிதை கட்டியவள். அவளுடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மிஞ்சியது ஒரு படமும், ஐடெல்லாவுக்கு மனப்பாடமான ஒரு கவிதையும்.

"எங்கட சனமும் அப்பிடித்தான் அக்கா," என்றாள் யசிந்தா. "ஓடி வந்து ஒரு இடத்தில சேர்ந்த உடன முதல் வேலையா ஒரு மண்டபம் எடுத்து நாடகம் போட்டினம். பனிக்குள்ள போட கோட்டு இல்லை, ராசா வேசத்துக்கு மணிமுடி இருந்தது. மணிமுடிக்குத் துணி தைச்சது நான்தான்."

ஐடெல்லா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது.

அந்த வருடம் மழைக்காலத்தில் ஐடெல்லாவுக்கு அந்த வருத்தம் வந்தது. யசிந்தா அதன் பெயரைச் சொல்ல மாட்டாள். எங்கள் ஆட்கள் யாரும் சொல்வதில்லை, அந்த வருத்தம் என்றால் எல்லோருக்கும் விளங்கும். ஐடெல்லா அதைப் பச்சையாகப் பெயர் சொல்லிக் கதைக்கும்போதெல்லாம் யசிந்தா மனதுக்குள் சிலுவை போட்டுக்கொள்வாள். அதே சமயம் நகர நூலகத்திலிருந்து ஒரு சேதியும் வந்தது. வருகிற மே மாதம் ஹார்லெமைப் பற்றி ஒரு மாலை நிகழ்ச்சி வைக்கிறார்களாம், ஐடெல்லா வந்து வாசிக்க முடியுமா?

"இந்த ஊரில நான் அரைவாசிப் பேருக்கு இங்கிலீசு படிப்பிச்சிருக்கிறன்," என்றாள் ஐடெல்லா. "அந்த இங்கிலீசு எந்த வீட்டில இருந்து வந்ததெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. இப்பதான் கேக்கினம். நான் பெரியம்மான்ரை கவிதையை வாசிக்கப் போறன், அவவின்ரை சட்டையைப் போட்டுக்கொண்டு."

பையிலிருந்து படத்தை எடுத்தாள். பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு இளம்பெண் நிமிர்ந்து நிற்கிறாள். இடுப்புக்குக் கீழே தழைந்து, கெண்டைக்கால்வரை விழும் சட்டை. கழுத்தில் ஒன்றும் இல்லை. சட்டையும் கறுப்பு, அவளும் கறுப்பு, பின்னால் சுவரும் இருட்டு.

"படம் எடுத்தவன் சொன்னானாம், வெள்ளையைப் போட்டு வா, கறுப்பில நீ படத்தில விழமாட்டாய் எண்டு. வீட்டிலயும் சொல்லிச்சினமாம். பெரியம்மா வேணுமெண்டே கறுப்பில போய் நிண்டவ. 'நான் விழாட்டி உன்ரை படப்பெட்டியில பிழை' எண்டவவாம். யசிந்தா, எனக்கு இதே சட்டையைத் தைச்சுத் தா. இதே கறுப்பில."

முடி கொட்டிய தலையில் துணி கட்டிக்கொண்டு, கன்னம் ஒட்டி, எதிரே உட்கார்ந்திருக்கிற மனுசி கறுப்பு உடுப்புக் கேட்கிறாள். மாட்டேன் என்று சொல்ல யசிந்தாவால் முடியவில்லை. தலையை ஆட்டினாள், படத்தை வாங்கி வைத்துக்கொண்டு அளவெடுத்தாள். எடுக்கும்போதே விலா எலும்புகள் கையில் தட்டுப்பட்டன.

வீட்டில் கணவன் பேதுருவிடம் சொன்னாள். மேசை கதிரை செய்யும் தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்கிற, அதிகம் பேசாத மனுசன்.

"வருத்தக்காரிக்குக் கறுப்போ? உனக்கென்ன விசரே?" என்றான் அவன். "வேற நிறத்தில தைச்சுக் குடு. படம் கறுப்பு வெள்ளைதானே, எந்த நிறமெண்டு ஆர் கண்டது?"

அவளுக்கு வேண்டியிருந்ததும் அந்த ஒரு சாட்டுத்தான்.

நல்ல கருஞ்சிவப்புத் துணி வாங்கினாள். உண்மையைச் சொன்னால் அதுவரை அவள் தைத்ததிலேயே அதுதான் சிறந்த சட்டை. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னாள். மன்னார் மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். அவளைப் பொறுத்தவரை அது சட்டையில்லை, ஐடெல்லாவுக்கும் சாவுக்கும் நடுவே போட்ட வேலி.

ஐடெல்லா அதைப் போட்டுக் கண்ணாடிக்கு முன் நின்றாள்.

"வடிவாயிருக்கு," என்றாள் பிறகு. "ஆனா இது என்ரை பெரியம்மா இல்லை."

"கறுப்பு கிடைக்கேல்லை அக்கா," என்றாள் யசிந்தா. துணிக்கென்றே பேர்பெற்ற ஹேர்னிங்கில், மூன்றில் ஒரு கடையில் கறுப்பு அடுக்கிக் கிடக்கிற ஊரில், அப்படி ஒரு பொய்யை அவள்தான் சொல்ல முடியும்.

ஐடெல்லா கண்ணாடிக்குள் அவளைப் பார்த்தாள். "யசிந்தா, உனக்குக் கறுப்பு வடிவில்லையா?"

இல்லை அக்கா, நீங்கள் செத்துப்போய்விடுவீர்களோ என்று பயம் என்று யசிந்தா சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால் சாவு என்ற சொல்லைச் சொல்ல வேண்டும். வருத்தக்காரரின் முகத்துக்கு நேரே அந்தச் சொல்லைச் சொல்ல அவளை யாரும் வளர்க்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அந்த மௌனத்தை ஐடெல்லா எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. வாழ்நாள் முழுக்க எல்லோரிடமும் பார்த்த ஒன்றை, கடைசியில் இவளிடமும் பார்த்துவிட்ட முகம்.

மெல்ல உட்கார்ந்து, பெரியம்மாவின் கவிதையில் இரண்டு வரியை டேனிஷில் சொன்னாள்.

"கழுவிப் பார்க்காதே, தண்ணீரே,
இது அழுக்கில்லை, நான்தான்."

பயத்தம் மா தேய்த்த முதுகு யசிந்தாவுக்கு மறுபடி எரிந்தது. அந்த இடத்திலேயே அழுதாள். "தைச்சுத் தாறன் அக்கா," என்றாள். "கறுப்பிலயே தாறன். சத்தியமா." ஐடெல்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடையேற முன்னம் சட்டை வந்தால் போதும்," என்றாள். சிவப்புச் சட்டையையும் மடித்து வீட்டுக்குக் கொண்டு போனாள்.

அடுத்த நாளே கறுப்புத் துணி வாங்கினாள். வாங்கினாளே தவிர வெட்டவில்லை. துணி பையோடு மெசினுக்குக் கீழே இருந்தது. முதலில், தவக்காலம் முடியட்டும் என்று நினைத்தாள். பிறகு, ஆஸ்பத்திரியில் அடுத்த ஸ்கான் எடுத்து நல்ல சேதி வரட்டும், அன்றைக்கே வெட்டுகிறேன் என்று நினைத்தாள். சேதி வரவில்லை. வெட்டினால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவளுக்கு உள்ளுக்குள் உறுதியாகப் பட்டது. ஐடெல்லா கேட்கும்போதெல்லாம் "தைச்சுக்கொண்டிருக்கிறன்" என்றாள். ஐடெல்லாவும் நம்பினாள். அன்பில் சொல்கிற பொய்யைப் பிடிப்பது கஷ்டம்.

ஏப்ரலில் ஐடெல்லாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். யசிந்தா மஞ்சள் பூவோடு, மஞ்சள் பிளவுஸ் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தாள். கட்டிலில் பாதி இடம்கூட ஐடெல்லாவுக்குத் தேவைப்படவில்லை.

"சட்டை?" என்றாள் ஐடெல்லா.

"ஓரம் மட்டும்தான் அக்கா மிச்சம்."

"ஓரம் இல்லாட்டியும் கொண்டு வா. ஒருக்கா தொட்டுப் பார்க்கவேணும்."

யசிந்தா வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று விம்மினாள். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, மாதாவின் படத்தை ஒருமுறை பார்த்து, கறுப்புத் துணியை விரித்துக் கத்தரிக்கோலை வைத்தாள். தொடங்கிய பிறகு நிற்கவில்லை. லூலாவின் படத்தை முன்னால் சாத்தி வைத்து, தோள், கை, தழைந்த இடுப்பு என்று அப்படியே கொண்டு வந்தாள். மெலிந்த உடம்புக்காக இரண்டு பக்கமும் உள்ளே எடுத்தாள். பின்னேர வெயிலில் அதைத் தூக்கிப் பார்த்தபோது, இந்தத் துணிக்கா இவ்வளவு பயந்தோம் என்று வெட்கமாக இருந்தது. அவ்வளவு கம்பீரமான சட்டையை அவள் அதுவரை தைத்ததில்லை.

ஓரம் அடித்துக்கொண்டிருக்கும்போது யென்ஸிடமிருந்து போன் வந்தது. ஐடெல்லா மத்தியானம் போய்விட்டாள் என்றார். மேலே பேச அவரால் முடியவில்லை, போனை வைத்துவிட்டார்.

யசிந்தா கத்தரிக்கோலை எடுத்துத் தரையில் அடித்தாள். வெட்டியதால்தான் வந்தது என்று ஒரு மனம் சொன்னது. வெட்டாமல் வைத்திருந்த அத்தனை நாளும் வருத்தம் குறைந்ததா என்று இன்னொரு மனம் கேட்டது. கன நேரத்துக்குப் பிறகு எழும்பி, மிச்ச ஓரத்தையும் அடித்தாள். உயிரோடு போடக் கொடுக்கவில்லை, பெட்டியிலாவது போடட்டும்.

இங்கேதான் அவள் இரண்டாவது பிழையை விட்டாள். எங்கள் செத்த வீட்டில் கடைசி நாளில்தான் எல்லாம். பெட்டி திறந்திருக்கும், சொந்தப் பெண்கள் சேர்ந்து உடுத்திவிடுவார்கள், வருகிற எல்லோரும் முகம் பார்த்து அழுது, கடைசியில்தான் மூடி போடுவார்கள். முப்பது வருடத்தில் யசிந்தா போனதெல்லாம் தமிழ்ச் செத்த வீடுகளுக்குத்தான். இந்த ஊர்க்காரர் செத்தவரை எப்படி அனுப்புகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. துக்க வீட்டுக்குப் போன் எடுத்து உடுப்புக் கதை கதைப்பது மரியாதையில்லை என்று பேசாமல் இருந்தாள். சட்டைக்கு இஸ்திரி போட்டு, மடித்துப் பையில் வைத்து, அடக்கத்தன்று காலையில் நேரத்தோடு தேவாலயத்துக்குப் போனாள்.

பெட்டி மூடியிருந்தது. வெள்ளைப் பெட்டி, மேலே பூ, மூடியில் திருகாணி முடுக்கியிருந்தது. உள்ளே வைத்து மூடி நாலைந்து நாள் ஆகிவிட்டதாம்.

யென்ஸ் வந்து அவளைக் கட்டிக்கொண்டார். "நீ பார்த்திருக்கவேணும், யசிந்தா. உன்ரை சட்டையிலதான் அவளை வைச்சிருக்கு. சிவப்புச் சட்டை. எவ்வளவு வடிவாயிருந்தாள் தெரியுமா?"

யசிந்தா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அங்கே யாரும் சத்தம் போட்டு அழவில்லை. அவளும் சத்தத்தை விழுங்கினாள். தலையில் அடித்து அழவாவது விட்டிருந்தால் அவள் நெஞ்சு அன்று கொஞ்சம் ஆறியிருக்கும்.

மே மாதத்தில் நூலகத்து நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. யசிந்தா பையையும் எடுத்துக்கொண்டு போனாள். யென்ஸிடம் கொடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுவது என்று முடிவு. பேதுரு வெளியே காருக்குள் இருந்தான்.

சனம் நிறைந்திருந்தது. ஒரு பெண் பியானோ வாசித்தாள், சுவரில் ஹார்லெமின் தெருக்களும் நடனக்காரரும் ஓவியங்களும் மாறி மாறி வந்தன. கடைசியில் லூலாவின் படம் சுவர் உயரத்துக்கு வந்து நின்றது. ஐடெல்லா நிற்க வேண்டிய இடத்தில் யென்ஸ் நின்று அந்தக் கவிதையை வாசித்தார். பாதியில் குரல் உடைந்தது, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினார். யசிந்தா லூலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புச் சுவர், கறுப்புச் சட்டை, அதற்குள் எதற்கும் பயப்படாத அந்த முகம். வெளிர் நிறம் போட்டிருந்தால் சனம் சட்டையைப் பார்த்திருக்கும். இப்போது அவளைப் பார்க்கிறது. அக்கா கேட்டது இதைத்தான் என்று யசிந்தாவுக்கு அன்றுதான் முழுதாக விளங்கியது.

முடிந்ததும் யென்ஸ் கோப்பிக் கோப்பையோடு அவளைத் தேடி வந்தார். அவள் பைக்குள் கையை விட்டாள். அதற்குள் அவர் கேட்டார்.

"யசிந்தா, ஒண்டு என்னைப் போட்டு அரிக்குது. கடைசி நாள் முழுக்க அவள் சட்டை வந்திட்டுதா, சட்டை வந்திட்டுதா எண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் வீட்டுக்கு ஓடிப்போய் அந்தச் சிவப்புச் சட்டையைக் கொண்டு வந்து காட்டினன். அவள் அதைப் பார்த்திட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போட்டாள். மருந்து மயக்கமெண்டு நினைச்சன். பிறகு பேசவேயில்லை." அவர் கண் அவள் முகத்தை விட்டு அசையவில்லை. "அவள் கேட்டது அந்தச் சட்டையைத்தானே? நான் பிழையாய்ச் செய்யேல்லையே?"

பைக்குள் அவள் விரல்கள் கறுப்புத் துணியைப் பிடித்தபடி இருந்தன. எதிரே நிற்கிற கிழவர் அவள் சொல்லப்போகும் ஒரு சொல்லில்தான் மிச்ச நாளை ஓட்டப்போகிறார் என்று தெரிந்தது.

"ஓம்," என்றாள். "அதைத்தான் கேட்டவ. நீங்கள் சரியாத்தான் செய்தனீங்கள்."

யென்ஸ் பெருமூச்சு விட்டு, அவளுடைய இரண்டு கையையும் பிடித்து, திரும்பத் திரும்ப நன்றி சொன்னார்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் வந்து காருக்குள் ஏறியதும் பேதுரு பையைப் பார்த்தான்.

"குடுக்கேல்லையே?"

இல்லை என்று தலையாட்டினாள். பையை மடியில் வைத்து, அதன்மேல் முகத்தைப் புதைத்து, மன்னாரில் அழுவதுபோலச் சத்தம் போட்டு அழுதாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தடுக்கவில்லை.

"கறுப்பைத் தைக்காட்டிச் சாவு வராதெண்டு நினைச்சனப்பா," என்றாள் கடைசியில். "சாவு வந்திட்டுது. சட்டைதான் போய்ச் சேரேல்லை."

பேதுரு கையை நீட்டி அவளுடைய சீற் பெல்ட்டை மாட்டிவிட்டான். பிறகு காரை எடுத்தான்.